பிரசவப் பை: கையில் 1,500 ரூபாய், கீழே 70 வளைவு!

பேருந்து முப்பதாவது வளைவைத் தாண்டும்போதுதான் பக்கத்து சீட் பெண் தன் போனை என்னிடம் நீட்டினார். நாமக்கல்லில் ஸ்கேன் எடுத்துவிட்டு செம்மேட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். எட்டாவது மாதம். போனில் ஒரு வீடியோ. 'ஹாஸ்பிட்டல் பேக்கில் என்னென்ன வைக்கணும்?' என்று ஒரு பெண் அழகான படுக்கையறையில் உட்கார்ந்து பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். நான் எண்ணிப் பார்த்தேன், 42 பொருள்கள்.

"இதெல்லாம் வாங்கியே ஆகணுமா கண்ணு?" என்று கேட்டது அந்தப் பெண் அல்ல, ஜன்னலோரம் இருந்த அவருடைய அம்மா. முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டினார். "மொளகு வித்த காசு ஆயிரத்தி ஐநூறுதான் இருக்குது. அதுக்குள்ள என்ன வாங்குறது, எதை விடுறது?"

கொல்லிமலைக்கு ஒரு செய்திக்காகப் போன எனக்கு, இந்த வாரப் பத்திக்கான கேள்வி பேருந்திலேயே கிடைத்துவிட்டது. 1,500 ரூபாய்க்குள் ஒரு பிரசவப் பையைத் தயார் செய்ய முடியுமா? முடியும். மிச்சமும் பிடிக்கலாம். எப்படி என்று பார்ப்போம். மலையில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, சமவெளியில் சிக்கனமாகக் குடும்பம் நடத்துபவர்களுக்கும் இது பொருந்தும்.

எதெல்லாம் இலவசம்?

கடைக்குப் போகும் முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பிரசவம் என்றால், பெரிய செலவுகள் எதுவும் உங்களுடையவை அல்ல.

மத்திய அரசின் 'ஜனனி சிசு சுரக்ஷா' திட்டம் 2011-ம் ஆண்டு ஜூன் 1-ம் தேதி தொடங்கியது. சுகப்பிரசவமோ சிசேரியனோ, மருந்து, ஊசி, கையுறை, ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ரத்தம் எல்லாமே இலவசம். சுகப்பிரசவத்துக்கு மூன்று நாள், சிசேரியனுக்கு ஏழு நாள் தாய்க்குச் சாப்பாடும் உண்டு. வீட்டிலிருந்து அழைத்துப் போக 108. பிரசவம் முடிந்து தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுவந்து விட 102 தாய் சேய் நல ஊர்தி. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

தமிழ்நாடு அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய் உதவி. இதில் 14,000 ரூபாய் தவணை தவணையாக வங்கிக் கணக்குக்கு வரும். மீதி 4,000 ரூபாய் மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். பேரீச்சம்பழம், நெய், சத்துமாவு, இரும்புச்சத்து டானிக் எல்லாம் அதற்குள் இருக்கும். தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவங்களுக்குக் கிடைக்கும். கர்ப்பத்தைச் சீக்கிரமே பதிவு செய்வது முக்கியம்.

2015-ம் ஆண்டு அரசு மருத்துவமனைகளில் குழந்தை பெறும் தாய்மார்களுக்காக 16 பொருள்கள் கொண்ட பரிசுப் பெட்டகமும் தொடங்கப்பட்டது. குழந்தைக்குத் துண்டு, உடை, படுக்கை, கொசுவலை, சோப்பு, எண்ணெய், நகவெட்டி, கிலுகிலுப்பை. தாய்க்கு சோப்பு, கை கழுவும் திரவம், சௌபாக்கிய சுண்டி லேகியம் என்று பட்டியல் நீளும்.

இது உலகத்துக்குப் புதிதல்ல. பின்லாந்து நாட்டில் 1938-லேயே ஏழைத் தாய்மார்களுக்கு அரசு குழந்தைத் துணிமணிகளைக் கொடுக்க ஆரம்பித்தது. 1949 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும் கொடுத்தது. ஒரே நிபந்தனை, கர்ப்பத்தின் நான்காம் மாதம் முடியும் முன் மருத்துவப் பரிசோதனைக்கு வந்துவிட வேண்டும். பரிசு பெட்டிக்காக இல்லை, பரிசோதனைக்காக! நம் ஊரில் கர்ப்பத்தைச் சீக்கிரம் பதிவு செய்யச் சொல்வதன் காரணமும் அதுதான்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பரிசுப் பெட்டகம் குழந்தை பிறந்த பிறகுதான் கைக்கு வரும். அதனால் முதல் இரண்டு, மூன்று நாளுக்கு வேண்டியது நம் பையில் இருக்க வேண்டும். நாம் தயார் செய்யப்போவது அந்த மூன்று நாள் பைதான்.

குழந்தைக்கு: தாத்தாவின் வேட்டி

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல், தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துப் போடுவது நம் வீடுகளில் வழக்கம். அதில் நல்ல காரணம் இருக்கிறது. பலமுறை துவைத்த பருத்தித் துணி அவ்வளவு மெத்தென்று இருக்கும். புதுத்துணியின் கஞ்சியும் சாயமும் பிஞ்சுத் தோலை உறுத்தும்.

ஒரு பழைய வேட்டியில் எட்டுத் துண்டுகள் தேறும். வெந்நீரில் அலசி, நல்ல வெயிலில் காய வைத்து, மடித்து, காற்றுப் புகாத கவரில் போட்டுக் கட்டிவிடுங்கள். கொல்லிமலைக்காரர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி இறங்கிவிட்டால் துணி மூன்று நாளானாலும் ஈரவாடை போகாது. வலி வந்த பிறகு துவைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம். வெயில் அடிக்கும் நாளிலேயே வேலையை முடித்துவிடுங்கள்.

கடையில் வாங்க வேண்டியவை, முன்பக்கம் முடிச்சுப் போடும் ஜப்லா மூன்று, தொப்பி இரண்டு, காலுறை இரண்டு ஜோடி. அவ்வளவுதான். தொப்பியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கொல்லிமலை கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. கீழே நாமக்கல்லில் வியர்க்கும்போது மேலே போர்வை தேவைப்படும். பிறந்த குழந்தைக்குத் தலை வழியாகத்தான் சூடு அதிகம் போகும். பெரியவர்கள் போடுவதைவிட ஓரிரு அடுக்கு கூடுதலாக குழந்தைக்குப் போட்டால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இன்னும் ஒரு சூடு இருக்கிறது, காசே வேண்டாத சூடு. 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறை. குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்து அணைத்து வைக்கச் சொன்னார்கள் மருத்துவர்கள். 'கங்காரு பராமரிப்பு' என்று உலகமே இன்று பின்பற்றும் முறை அப்படித்தான் பிறந்தது. நிறைமாதக் குழந்தையையும் பிறந்தவுடன் தாயின் மார்பில் போட்டு, மேலே ஒரு துணியால் மூடுவதுதான் நல்லது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். குளிப்பாட்டல் 24 மணி நேரம் கழித்து. ஆகவே குழந்தைக்கு சோப்பும் பவுடரும் நம் பையில் தேவையே இல்லை.

அம்மாவுக்கு: மூன்று நாள் உடை

முன்பக்கம் திறக்கும் நைட்டி இரண்டு அல்லது மூன்று. வீட்டில் இருப்பதே போதும். ஜிப் இல்லாவிட்டால் தையல்காரரிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். பாவாடை இரண்டு. அடர்நிறத்தில், ஒரு அளவு பெரிதாக உள்ளாடை நான்கு. சிசேரியன் ஆனால் தையல் மேல் எலாஸ்டிக் அழுத்தக் கூடாது என்பதற்காகத்தான் பெரிய அளவு.

பெரிய அளவு நாப்கின் இரண்டு பாக்கெட். முதல் சில நாள்கள் உதிரப்போக்கு மாதவிடாயைவிட அதிகமாகவே இருக்கும். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். துணிதான் வசதி என்பவர்கள், வெயிலில் காய்ந்த சுத்தமான பருத்தித் துணியாக நிறைய வையுங்கள்.

இவற்றோடு துண்டு இரண்டு, பழைய பெட்ஷீட் இரண்டு, ஸ்வெட்டர், காதை மூட ஸ்கார்ஃப், வழுக்காத ரப்பர் செருப்பு, சோப்பு, பேஸ்ட், பிரஷ், சீப்பு. தட்டு, டம்ளர், ஸ்பூன், வெந்நீர் பிடிக்க ஒரு ஃபிளாஸ்க். சொந்தமாக ஃபிளாஸ்க் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் இரவல் கேளுங்கள். பிரசவத்துக்கு என்றால் யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகள், போன் சார்ஜர், சின்ன டார்ச். அழுக்குத் துணி போட இரண்டு பிளாஸ்டிக் கவர். வளைவுகளில் வாந்தி வந்தால் பிடிக்க இன்னும் இரண்டு.

உடன் வரும் அம்மாவோ மாமியாரோ தனக்கும் ஒரு மாற்றுப்புடவையும் போர்வையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறந்துவிட்டு, இரவெல்லாம் வராண்டாவில் குளிரில் உட்கார்ந்திருப்பார்கள்.

பையின் உயிர் காகிதம்தான்

என் அக்காவின் பிரசவத்துக்கு நாங்கள் மூன்று பை நிறைய சாமான்களோடு போனோம். ஜிகினா வைத்த கவுன்கூட இருந்தது. "ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை எங்கே?" என்று நர்ஸ் கேட்டபோதுதான் ஃபைல் வீட்டு டிவி மேலேயே இருப்பது ஞாபகம் வந்தது. மாமா பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். எங்கள் வீடு அரை மணி நேரத் தொலைவு, அதனால் தப்பித்தோம். மலையில் இருப்பவர் எழுபது வளைவு திரும்பி ஏற முடியுமா?

ஒரு ஜிப் கவரில் இவை இருக்கட்டும்: தாய் சேய் நல அட்டை, எல்லா ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகள், கணவன் மனைவி இருவரின் ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், வங்கிப் புத்தக நகல், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த 12 இலக்க 'பிக்மி' எண்ணைத் தனியாக ஒரு தாளில் பெரிதாக எழுதி வையுங்கள். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும். அதே தாளில் உங்கள் ரத்த வகை, அதே வகை ரத்தம் உள்ள இரண்டு உறவினர்களின் போன் எண், கிராம சுகாதார செவிலியரின் எண். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் பேசும்.

வாங்கவே வேண்டாம்

அந்த வீடியோவின் 42-ல் பாதிக்கு மேல் நாங்கள் பேருந்திலேயே அடித்துவிட்டோம்.

பால் புட்டியும் பால் பவுடரும் முதலில் போயின. இவற்றை விளம்பரம் செய்வதையே 1992-ம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் ஒழிய இவை தேவையில்லை. சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் நாக்கில் வைக்க வேண்டாம். குழந்தை பவுடர், கண் மை, தொப்புளில் தடவும் எண்ணெய் மூன்றும் வேண்டாம். தொப்புள்கொடியில் எதுவும் வைக்காமல் உலர விட்டாலே தானாக விழுந்துவிடும். பெரிய டயப்பர் பாக்கெட், அலங்கார கவுன், குட்டி ஷூ, குழந்தைக்குத் தலையணை எல்லாம் அடுத்த மாதக் கவலை. உறவுக்காரர்கள் பார்க்க வரும்போது பாதி அவர்களே கொண்டுவருவார்கள்.

கணக்கைப் பார்ப்போமா?

நாமக்கல் கடைகளில் நான் கேட்ட விலைகள் இவை. உங்கள் ஊரில் கொஞ்சம் ஏறலாம், இறங்கலாம்.

நாப்கின் 2 பாக்கெட்: 200 ரூபாய்
உள்ளாடை 4: 240
ஜப்லா 3: 150
தொப்பி 2, காலுறை 2 ஜோடி: 100
சோப்பு, பேஸ்ட், பிரஷ்: 80
ஜிப் கவர், பிளாஸ்டிக் கவர், ஊக்கு: 40
ஆவண நகல்கள்: 30

மொத்தம் 840 ரூபாய். 1,500-ல் மீதி 660. இந்த மீதியை இன்னொரு கவுனுக்குச் செலவழிக்காதீர்கள். பத்தும் ஐம்பதும் நூறுமாக மாற்றி, ஒரு சின்ன பர்ஸில் போட்டு, பைக்குள் ஊக்கு குத்தி வையுங்கள். தாய்க்குச் சாப்பாடு மருத்துவமனையில் கிடைக்கும். கூட வருபவரின் சாப்பாடு, டீ, வீட்டுக்காரர் வந்துபோகும் பேருந்துக் காசு இதில்தான் வர வேண்டும். அரசு மருத்துவமனைப் பிரசவத்தில் வீட்டுக்காசு அதிகம் கரைவது இந்த இடத்தில்தான்.

மலைக்கு எந்தப் பை?

சூட்கேஸ் வேண்டாம். பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூடப் பை ஒன்று போதும். வளப்பூர்நாடு, குண்டூர்நாடு என்று பரந்து கிடக்கும் ஊர்களில், வீட்டு வாசல் வரை வண்டி வராத இடங்கள் உண்டு. ரோடு வரை நடந்தோ தூக்கியோதான் வர வேண்டும். முதுகில் மாட்டும் பை என்றால் கூட வருபவரின் இரண்டு கையும் கர்ப்பிணியைத் தாங்க மிச்சம் இருக்கும்.

பைக்குள்ளும் ஒரு வரிசை வேண்டும். மேலே காகிதக் கவர். அதன் கீழே ஒரு தனிக்கட்டாக நான்கு வேட்டித் துண்டு, ஒரு தொப்பி, ஒரு பெட்ஷீட், நாப்கின். வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டால் இந்தக் கட்டுதான் கை கொடுக்கும். மற்றதெல்லாம் அடியில்.

எப்போது தயார் செய்வது? சமவெளியில் எட்டாம் மாதம் முடியும்போது என்றால், மலையில் ஏழாம் மாதம் முடியும்போதே. மருத்துவர் சொல்லும் தேதி ஒரு கணக்குதான். மூன்று வாரம் முன்னால் வந்தாலும் அது நிறைமாதக் குழந்தைதான். பை எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னும் இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும்.

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில்தான் நடக்கின்றன என்கிறது 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. மலையில் அந்தக் கணக்குக்குள் வர, நேரத்தோடு கிளம்ப வேண்டும். 'துணி எடுத்துவைக்கணும், காசு புரட்டணும்' என்று போகும் ஒரு மணி நேரம் சமவெளியில் ஒரு மணி நேரம்தான். மலையில் அது ஆம்புலன்ஸுக்குள் பிரசவமாகிவிடலாம். பை தயாராக இருப்பதன் உண்மையான லாபம் காசு இல்லை, அந்த ஒரு மணி நேரம்.

இதற்காகவே தமிழ்நாட்டின் மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'பிரசவ காத்திருப்பு அறை' என்ற ஏற்பாடு உண்டு. தேதிக்குச் சில நாள் முன்பே வந்து தங்கிக்கொள்ளலாம். கர்ப்பிணிக்கும் உடன் இருப்பவருக்கும் சாப்பாடு உண்டு. வீடு ரோட்டிலிருந்து தூரம் என்றால், எந்த நிலையத்தில் இந்த அறை இருக்கிறது என்று உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் ஏழாம் மாதமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பையை விட்டுவிட்டு ஓடுங்கள்

ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குதல், வலிப்பு, கடும் காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல். இவற்றில் ஒன்று வந்தாலும் பை தயாரா என்று பார்க்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. துணிமணியை யாராவது பின்னால் கொண்டுவரலாம்.

செம்மேட்டில் இறங்கும்போது அந்த அம்மா முந்தானை முடிச்சை ஒருமுறை இறுக்கிக்கொண்டார். "எங்க ஊட்டுக்காரரோட வேட்டி நாலு கெடக்குது கண்ணு. நான் என்னமோ அதையும் கடையில வாங்கணும்னு நெனைச்சுட்டேன்" என்று சிரித்தார். மகளின் வாட்ஸ்அப்புக்குப் பட்டியலை அனுப்பிவைத்தேன்.

நான்கு நாள் கழித்து ஒரு போட்டோ வந்தது. கொடியில் எட்டு வெள்ளைத் துண்டுகள் வெயிலில் காய்கின்றன. பக்கத்துச் சுவரில் ஆணியில் தம்பியின் பழைய பள்ளிக்கூடப் பை. கீழே ஒரு வரி: 'அக்கா, ஃபிளாஸ்க் மட்டும் பாக்கி.'

உங்கள் வீட்டிலும் யாராவது மாசமாக இருந்தால், இன்றைக்கே ஒரு பழைய வேட்டியைத் தேடி எடுங்கள். அடுத்த வாரம் இன்னொரு சிக்கனக் கணக்கோடு சந்திப்போம்.